சாக்சபோன் குழலும் கொங்கா முழவும்: தீவகத்தார் கேட்க ஒரு பழைய இசைத்தட்டு

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாக் காலத்திலே குறிகட்டுவானில் படகேறிச் செல்பவர்களுக்கு, கோபுரம் தெளிவாகத் தோன்றுமுன்பே நாதசுரமும் தவிலும் காதில் விழத் தொடங்கிவிடும். வாயால் ஊதும் குழல் ஒன்று. கையாலும் கோலாலும் அறையும் தோல் ஒன்று. இவ்விரண்டின் சேர்க்கை நம் தீவக மக்களுக்குத் தொட்டிற் பருவந் தொட்டே பழக்கமானது. இதே சேர்க்கை வேறொரு கண்டத்தில், வேறு மக்களிடையே, வேறு காரணங்களால் அமைந்து, அரைமணி நேரத்துக்கு மேற்பட்ட இசையாக ஒரு கறுத்த வட்டத் தட்டிலே பதிவாகி நம் கையில் கிடைத்தால், அதை எப்படிக் கேட்பது? அதன் வரலாறு யாது? அதைப் பழுதுபடாமல் வைத்துக்கொள்வது எங்ஙனம்? இவையே இன்றைய பேச்சின் பொருள்.

நான் எடுத்துக்கொண்ட இசைத்தட்டு 1958ஆம் ஆண்டு யூலை 28ஆந் தேதி அமெரிக்காவின் நியூ யேர்சி மாநிலத்தில், ரூடி வான் கெல்டர் என்னும் ஒலிப்பதிவாளரின் கூடத்தில் பதிவானது. புளூ நோட் நிறுவனம் வெளியிட்ட அதன் பெயர் 'புளூஸ் வோக்'. சாக்சபோன் ஊதியவர் லூ டொனால்ட்சன். கொங்கா என்னும் முழவை வாசித்தவர் ரே பரெட்டோ. ஹேர்மன் பொஸ்டர் பியானோவும், பெக் மொரிசன் பெருநரம்பு வாத்தியமும், டேவ் பெய்லி மேனாட்டு மேளமும் வாசித்தனர். மொத்தம் ஆறு உருப்படிகள். உலகெங்கும் பழைய இசைத்தட்டுக் கடைகளில் இதன் படிகள் இன்றும் கைமாறி வருகின்றன. ஜாஸ் இசைக்குப் புதியவர்கள் தொடங்குவதற்கு இதனிலும் எளிய வாயில் அரிது என்பது என் எண்ணம்.

முதலிற் குழலைப் பார்ப்போம். சாக்சபோன் பித்தளையால் ஆனது. ஆயினும் மேனாட்டார் அதனை மரக்குழல் வாத்தியங்களின் இனத்திலே சேர்ப்பர். காரணம், அதன் ஓசை உலோகத்தில் பிறப்பதன்று. வாயில் வைக்கும் நாணற் சீவல் அதிர்வதால் பிறப்பது. நம் நாதசுரத்துக்கும் உயிர் சீவாளியே. நாதசுரத்தின் சீவாளி இரு நாக்குகள் கொண்டது. சாக்சபோனுக்கு ஒரே நாக்கு. இரண்டு குழல்களும் வாயருகே ஒடுங்கி, கீழே செல்லச் செல்ல விரிந்து, அணசுபோல் மலர்ந்து முடிகின்றன. இப்படிக் கூம்பு வடிவாக விரியும் குழலில், ஊதும் விசையைத் திருத்தினால் அதே விரல்வைப்பிலே மேல் ஸ்தாயி பிறக்கும். ஆகையால் நாதசுரம் கேட்டுப் பழகிய காது சாக்சபோனை அந்நியமாகக் கருத வேண்டியதில்லை; இரண்டும் ஒரு குடும்பத்தின் கிளைகள் எனலாம்.

சாக்சபோனை ஆக்கியவர் அடோல்ப் சாக்ஸ். பெல்ஜியத்தின் டினான் நகரிலே 1814இல் பிறந்த இவர், 1846ஆம் ஆண்டு பாரிசிலே தம் கண்டுபிடிப்புக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். இராணுவ வாத்தியக் குழுக்களுக்கென்றே பெரும்பாலும் பயன்பட்ட அந்தக் கருவி, ஏறத்தாழ 70 ஆண்டுகள் கழித்து அமெரிக்கக் கறுப்பின மக்களின் கையிற் சேர்ந்தபின்னரே தன் முழுக் குரலையும் பெற்றது. அது பேசியது, அழுதது, நகைத்தது. கோல்மன் ஹோக்கின்ஸ், லெஸ்டர் யங், சார்லி பார்க்கர் ஆகியோர் அதற்கு இலக்கணம் வகுத்தவர்கள். 'புளூஸ் வோக்' தட்டில் ஊதும் லூ டொனால்ட்சன் பார்க்கரின் வழி வந்தவர். 1926இல் வட கரோலினா மாநிலத்திற் பிறந்து, 98 வயதுவரை வாழ்ந்து, 2024 நவம்பரில் மறைந்தார்.

இக்குழல் கர்நாடக சங்கீதத்திலும் இடம் பிடித்ததை நேயர்கள் அறிவீர்கள். தென் கன்னடத்தைச் சேர்ந்த நாதசுர வித்துவான் ஒருவரின் மகன் கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவிலே சாக்சபோனைக் கேட்டு அதன்பால் ஈர்க்கப்பட்டார். நாதசுரத்தில் துளைகளை விரலால் நேரே மூடித் திறப்பதால் கமகம் இயல்பாக வழுக்கி வரும். சாக்சபோனிலோ விரலுக்கும் துளைக்கும் இடையே நெம்புகோலும் மூடியும் உள்ளன. அந்தத் தடையைக் கடந்து கமகம் வாசிக்க அவர் நெடுங்காலம் உழைத்தார். 1980இல் பம்பாயில் நடந்த ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ஜோன் ஹேண்டியுடன் சேர்ந்து வாசித்தார். 1994இல் 'டூயட்' திரைப்படத்தின் வழியே தமிழகத்தின் மூலை முடுக்கெல்லாம் அவருடைய குழல் ஒலித்தது. 2019 ஒக்டோபரில் அவர் மறைந்தார்.

இனி முழவுக்கு வருவோம். கொங்கா என்பது உயர்ந்து நிற்கும் பீப்பாய் வடிவ முழவு. ஒரு பக்கம் மட்டுமே தோல் உண்டு, அடிப்பக்கம் திறந்திருக்கும். கோல் இன்றி இரு கைகளாலும் வாசிப்பர். விரல்களை விளிம்பில் வைத்து உடனே எடுத்தால் திறந்த நாதம். உள்ளங்கையை நடுவிற் பதித்தால் அடங்கிய கும்காரம். விரல்நுனியால் சுள்ளென்று அறைந்தால் கூரிய சொல். இதன் தங்கை பொங்கோ. முழங்கால்களுக்கிடையே வைத்து வாசிக்கும் இரட்டைச் சிறு முழவு. பெரியதைப் பெண் என்றும் சிறியதை ஆண் என்றும் கியூபா நாட்டார் வழங்குவர். வலந்தலையும் தொப்பியும் வேறு வேறு குணமுடையவை என்பதை அறிந்த தவிற்காரருக்கு இது வியப்பாகத் தோன்றாது.

இம்முழவுகள் ஜாஸ் இசையில் எப்போதும் இருந்தனவா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. அந்த 'இல்லை' என்பதற்குள் ஒரு நீண்ட துயர வரலாறு அடங்கியிருக்கிறது.

ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்கள் தங்கள் தாளங்களையும் நினைவிலே கொண்டுசென்றனர். 1739ஆம் ஆண்டு தென் கரோலினாவில் அடிமைகள் முரசு முழக்கிக்கொண்டு கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே இயற்றப்பட்ட சட்டம், அவர்கள் முரசு வைத்திருப்பதையும் முழக்குவதையும் தடை செய்தது. முரசைப் பறித்தால் மக்களை ஒன்றுகூடவிடாமல் தடுக்கலாம் என்பது ஆண்டவர்களின் கணக்கு. தோலை இழந்தவர்கள் கைதட்டினார்கள். காலால் தரையை அறைந்தார்கள். தாளத்தைத் தங்கள் பாட்டின் உள்ளே மறைத்து வைத்துக் காத்தார்கள். ஜாஸ் அந்த மறைந்த தாளத்தின் பேரப்பிள்ளை. ஆனால் கையால் வாசிக்கும் ஆபிரிக்க முழவு அதன் வீட்டில் இல்லாமற் போயிற்று.

ஸ்பானியரின் ஆட்சியிலிருந்த கியூபாத் தீவிலே நிலைமை சற்று வேறு. அங்கும் அடிமைத்தனம் கொடியதே. 1886ஆம் ஆண்டுவரை நீடித்தது. எனினும் ஒரே இனத்தைச் சேர்ந்த ஆபிரிக்கர் தத்தமக்கெனச் சங்கங்கள் அமைத்துக்கொள்ள அங்கே இடமிருந்தது. அச்சங்கங்களின் வழிபாட்டிலும் விழாவிலும் முழவுகள் உயிர் பிழைத்தன. கொங்காவின் பிறப்பிடம் இதுவே.

பிரிந்த இவ்விரு உறவும் மீண்டும் கூடியது நியூயோர்க்கில். மச்சிட்டோ என்பவரின் இசைக்குழு 1940இல் அமைந்தது. அக்குழுவின் இசையை நெறிப்படுத்திய மரியோ பௌசா, 1943இல் 'தாங்கா' என்னும் உருப்படியிலே கியூபாவின் தாளத்தையும் ஜாஸ் முறையையும் ஒன்றாக இணைத்தார். அவருடைய நண்பரான டிஸ்ஸி கில்லெஸ்பி, 1947 செப்டெம்பர் 29ஆந் தேதி கார்னகி மண்டபத்தில் நடந்த கச்சேரியிலே சானோ போசோ என்ற கியூபா முழவுக் கலைஞரை மேடையேற்றினார். அவ்வாண்டு முடிவதற்குள் 'மன்ற்றேக்கா' என்னும் உருப்படி பதிவாயிற்று. சானோ போசோ 1948 டிசெம்பரில் நியூயோர்க்கிலே சுடப்பட்டு இறந்தார். அவர் அமெரிக்காவில் வாழ்ந்த காலம் மிகக் குறுகியது. ஆனால் அவர் திறந்துவிட்ட கதவு பின்னர் மூடப்படவில்லை. அதே டிசெம்பர் மாதத்தில் சார்லி பார்க்கர் மச்சிட்டோவின் குழுவோடு சேர்ந்து சாக்சபோன் ஊதிப் பதிவு செய்தார். குழலும் கொங்காவும் இணைந்த ஜாஸ் இசைத்தட்டுக்களின் வரிசை இவ்வாறு தொடங்கிற்று. பத்தாண்டுகள் கழித்து வந்த 'புளூஸ் வோக்' அவ்வரிசையில் ஒன்று.

இக்கதை நமக்கு மிகத் தொலைவில் நடந்ததென்று எண்ண வேண்டாம். நம் ஊர்காவற்றுறைக்கு 'கயிற்ஸ்' என்று இன்னொரு பெயர் வழங்குகிறதல்லவா? அது 'கைஸ்' என்ற போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. கப்பல் அணையும் துறை என்பது அதன் பொருள். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீரில் நிற்கும் கடற்கோட்டையை முதலில் எழுப்பியவர்களும் போர்த்துக்கேயரே. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தரிடம் இழக்கும்வரை அவர்களுடைய கொடி இங்கே பறந்தது. ஆபிரிக்க மக்களைப் பிரேசிலுக்கு அடிமைகளாக ஏற்றிச்சென்ற அதே அரசின் கப்பல்கள், ஆபிரிக்கரை இலங்கைக்கும் கொண்டுவந்தன. அவர்களுடைய வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். 'மாஞ்சா' எனப்படும் அவர்களுடைய பாடல்களிலே ஆபிரிக்கத் தாளமும் போர்த்துக்கேயச் சொல்லும் கலந்து நிற்கின்றன. இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இலேதான்.

இந்த ஊற்றிலிருந்து கிளைத்ததே பைலா. ஆடுதல் என்னும் பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. 1940களில் வோலி பஸ்தியன் அதனைச் சிங்கள மக்களிடையே பரவச் செய்தார். அதன் துள்ளலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் நம் ஈழத்துப் பொப்பிசைப் பாடகர்கள். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும், 2018 சனவரியில் மறைந்த ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் யார் காதில் விழாமலிருந்தன? கியூபாவின் கொங்காவும் நம் கலியாண வீடுகளில் ஒலித்த துள்ளிசையும் வெவ்வேறு கரைகளில் ஒதுங்கியவை. ஆனால் அவற்றைத் தள்ளிவந்த அலை ஒன்றே.

முழவும் அதை முழக்கியவனும் ஒருசேரத் தாழ்த்தப்பட்ட கதை நமக்கும் புதிதன்று. சாவு வீட்டுக்குப் பறையொலி வேண்டும் என்ற சமூகம், பறை முழக்கியவரை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தது. கொங்காவைக் கேட்கும்போது இதனையும் நினைத்துப் பார்ப்பது நன்று. இழிவென்று ஒதுக்கப்பட்ட தோற்கருவி உலகத்தின் பெரிய மேடைகளிலே சாக்சபோனுக்குச் சரியாசனம் பெற்றதென்றால், அது தானாகக் கிடைத்ததன்று. அதை வாசித்தவர்களின் திறமையும் மானமும் பெற்றுத் தந்தது.

இனிக் கேட்கும் முறையைச் சொல்கிறேன். கியூபா இசையின் அடித்தளம் 'கிளாவே' என்னும் ஐந்து அடிகள். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி அதை ஒலிப்பர். நம் சொற்கட்டிலே அதனைச் சொல்லிவிடலாம். தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி. மூன்றும் மூன்றும் நான்கும் இரண்டும் நான்குமாகப் பதினாறு. ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தில் மட்டும் கை தட்டுங்கள். அதே வேளையில் பதினாறையும் நான்கு நான்காகப் பகுத்து, ஒன்றிலும் ஐந்திலும் ஒன்பதிலும் பதின்மூன்றிலும் காலால் தட்டுங்கள். முதற் கைத்தட்டும் கடைசிக் கைத்தட்டும் காலோடு சேரும். நடுவிலுள்ள மூன்றும் விலகி நிற்கும். அந்த விலகலிலேதான் ஆட்டம் பிறக்கிறது. ஆதி தாளத்தை அரைமாத்திரையாகப் பகுத்தாலும் இதே பதினாறு கிடைப்பதால், நம் மிருதங்க மாணவர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் இதனைக் கற்றுவிடுவார்.

மச்சிட்டோவின் இசையில் இந்த ஐந்தடி எப்போதும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். 'புளூஸ் வோக்' தட்டிலோ ரே பரெட்டோ அதனை முன்னே நிறுத்துவதில்லை. புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த பெற்றோருக்கு 1929இல் நியூயோர்க்கிலே பிறந்த இவர், ஜாஸ் இசையின் நான்கடி நடைக்குக் கொங்காவை இசைவித்தவர்களுள் முதன்மையானவர், 2006இல் மறைந்தார். கொங்காவின் வழக்கமான நடையிலே இரண்டாம் அடியில் ஒரு கூரிய அறை விழும். நான்காம் அடியில் இரண்டு திறந்த நாதங்கள் தொடரும். அந்த இரட்டை நாதம் அடுத்த வட்டத்தின் முதலடிக்கு நம்மைத் தள்ளிக்கொண்டு செல்லும். தட்டின் பெயரிலுள்ள 'வோக்' என்ற சொல்லுக்கு நடை என்று பொருள். பதற்றமின்றி மாலைவேளையில் கடற்கரையோரம் நடப்பவனின் நடை அது.

தலைப்பு உருப்படி 'புளூஸ்' என்னும் பன்னிரண்டு கட்ட அமைப்பை உடையது. கட்டத்துக்கு நான்கு அடி. ஆக 48 அடிகள். நம் கணக்கில் ஆதி தாளத்தின் ஆறு ஆவர்த்தனங்கள். முதலில் சாக்சபோன் பல்லவி போன்ற எளிய மெட்டொன்றை ஊதும். பின்னர் அதே 48 அடிகளை வட்டம் வட்டமாகத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொருவரும் தம் கற்பனையை விரிப்பர். கற்பனாசுரம் பாடி எடுப்புக்கு வந்து சேர்வதுபோல, முடிவில் அந்த மெட்டுக்கே திரும்பிச் சேர்வர். ஆறடிக்கு ஒருமுறை, பத்தடிக்கு ஒருமுறை என்று மனம்போனபடி எவரும் திரும்புவதில்லை. கட்டுக்குள் நின்று பெறும் சுதந்திரம் இது. முதன்முறை கேட்கும்போது குழலை விட்டுவிட்டுக் கொங்காவை மட்டும் பின்தொடருங்கள். மறுமுறை கேட்கும்போது பெருநரம்பு வாத்தியத்தை. மூன்றாம் முறை குழலைக் கேட்டால், அது எவ்வளவு பேசாமல் விடுகிறது என்பது விளங்கும். டொனால்ட்சன் இடைவெளி விடுகிறார். அந்த இடைவெளியில் முழவு விடை சொல்கிறது. 'பிளே ரே' என்னும் உருப்படியின் பெயரே முழவுக்காரரை அழைப்பதாக அமைந்திருக்கிறது. 'ஓட்டம் நொக்டேர்ன்' மெல்லிய இரவுப் பாட்டு, 'மூவ்' விரைந்தோடுவது.

இந்தத் தட்டு பதிவான 1958ஆம் ஆண்டிலேதான் டேவ் புருபெக் தம் குழுவோடு கொழும்புக்கு வந்தார். போல் டெஸ்மண்ட் அவருடன் சாக்சபோன் ஊதினார். 1963இல் டியூக் எலிங்டனின் பெருங்குழு வந்தது. அதில் சாக்சபோன் ஊதிய போல் கொன்சால்வெஸ், போர்த்துக்கேயர் ஆண்ட ஆபிரிக்கத் தீவுகளான கேப் வேர்டேயிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோரின் மகன். கொழும்பு செல்ல வசதியற்றவர்களுக்கு வானொலி இருந்தது. 1925இல் தொடங்கிய கொழும்பு ஒலிபரப்பு, 1950இல் வர்த்தக சேவையைப் பெற்றபின் இசைத்தட்டுக்களையே பெரிதும் நம்பி நடந்தது. தீவகத்தில் மின்சாரம் எட்டாத வீடுகளிலும் மின்கல வானொலி அந்த இசையைக் கொண்டுவந்து சேர்த்தது.

இசைத்தட்டு எப்படிப் பேசுகிறது என்பதையும் சுருக்கமாக அறிந்துகொள்வோம். பழைய தட்டுக்கள் நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழல்பவை. அரக்குப் பூச்சியிலிருந்து கிடைக்கும் பிசினை மூலப்பொருளாகக் கொண்டவை. அவை ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடங்களே இசைக்கும். 1948ஆம் ஆண்டு கொலம்பியா நிறுவனம் வைனில் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆன நெடுந்தட்டை வெளியிட்டது. நிமிடத்துக்கு முப்பத்துமூன்றே கால்வாசிக்குச் சற்று மேல், அதாவது முப்பத்துமூன்றும் மூன்றில் ஒன்றும் சுற்று. ஒரு பக்கத்துக்கு 20 நிமிடங்களுக்கு மேலும் இசை. தட்டின் மேல் நாம் காணும் கோடுகள் உண்மையில் ஒரே கோடு. விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுருளும் பள்ளம். 20 நிமிடப் பள்ளத்தை நேராக்கினால் 400 மீற்றருக்கு மேல் நீளும். அதன் சுவர்களிலுள்ள நுண்ணிய வளைவுகளே இசை. ஊசி அவற்றைத் தடவிச் செல்லும்போது அதிர்கிறது. அந்த அதிர்வு மின்னோட்டமாகிப் பின்னர் ஒலியாகிறது.

விளிம்பிலே பள்ளம் ஊசியின் கீழ் செக்கனுக்கு அரை மீற்றர் அளவு ஓடும். நடுவை அணுகும்போது 20 சென்ரிமீற்றராகக் குறையும். அதே இசையைக் குறைந்த இடத்தில் எழுத வேண்டியிருப்பதால் உட்புறத்து வளைவுகள் மிக நெருக்கமானவை. ஆகவே தேய்மானம் முதலிலே தெரிவது ஒவ்வொரு பக்கத்தின் கடைசி உருப்படியில்தான். பழைய தட்டு வாங்குவோர் முதற்பாட்டைப் போட்டுக் கேட்டு மயங்கிவிடாமல், கடைசிப் பாட்டில் சாக்சபோனின் உச்சக் குரல் கிழியாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தட்டைச் சாய்வான வெளிச்சத்திற் பிடித்துப் பாருங்கள். மேலே மயிரிழைபோல் ஓடும் கீறல் பெரும்பாலும் தீங்கற்றது. நகத்தில் தட்டுப்படும் கீறல் ஊசியிலும் தட்டுப்படும். கண்ணின் மட்டத்திற் பிடித்து, தட்டு நெளிந்திருக்கிறதா என்றும் நோக்குக. நடுத்தாளுக்கும் பள்ளம் முடியும் இடத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடத்திலே பொறித்த எண்களும் எழுத்துக்களும் இருக்கும். புளூ நோட் நிறுவனத்தின் பழைய படிகளில் வான் கெல்டரின் அடையாளம் அங்கே காணப்படும். அட்டை எத்தனை அழகாக இருந்தாலும், தட்டின் பிறப்பைச் சொல்வது அந்தப் பொறிப்பே.

இனி நம் தீவகத்துக்கென்றே சில எச்சரிக்கைகள். நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் வீசும் உப்புக்காற்று வைனிலை நேரே அரிப்பதில்லை. ஆனால் காற்றோடு வந்து படியும் உப்புத் துகள் பள்ளத்திலே உலர்ந்து நின்று, ஊசி செல்லும்போது சுவரைக் கீறும். கருவியின் உலோக இணைப்புக்களையும் துருப்பிடிக்கச் செய்யும். மாரிக்காலத்து ஈரம் அட்டையிலும் தாளுறையிலும் பூஞ்சணத்தை வளர்க்கும். கோடைவெயிலோ இரண்டிலும் கொடியது. தகரக் கூரையின் கீழும், பூட்டிய வாகனத்தின் உள்ளும் விடப்பட்ட தட்டு சில மணி நேரத்திலே நெளிந்துவிடும். நெளிந்ததைப் பழையபடி சீராக்குதல் அரிது.

தட்டுக்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். ஏட்டுப் புத்தகங்களைப்போல நிமிர்த்தி வையுங்கள். பூஞ்சணம் பிடித்த தாளுறையை எறிந்துவிட்டுப் புதிய உறை இடுங்கள், மேலட்டையைப் பத்திரப்படுத்துங்கள். கழுவுவதற்குக் கிணற்று நீரைப் பயன்படுத்தவே வேண்டாம். தீவகத்துக் கிணறுகள் பலவற்றின் நீர் உவர்ப்புடையது. உலர்ந்ததும் பள்ளத்திலே உப்பையும் சுண்ணத்தையும் விட்டுச் செல்லும். மின்கலங்களுக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த நீரே தக்கது. மென்மையான தூரிகையால் பள்ளம் ஓடும் திசையிலே வட்டமாகத் துடைத்து, நடுத்தாள் நனையாமல் காத்து, நிழலில் உலர்த்துங்கள். 78 சுற்று அரக்குத் தட்டைத் துடைக்க மதுசாரம் கலந்த திரவம் எதனையும் தொடாதீர்கள். அது அரக்கைக் கரைத்துவிடும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். தாத்தா காலத்துச் சாவி முடுக்கும் கிராமபோன் பெட்டியிலே நெடுந்தட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். அந்தப் பெட்டியின் உருக்கு ஊசி தட்டின்மேல் அழுத்தும் பாரம் 100 கிராமுக்கும் மேல். இக்காலக் கருவியின் ஊசியோ இரண்டு கிராம் அளவே அழுத்துகிறது. நெடுந்தட்டின் நுண்பள்ளம் உருக்கு ஊசியை ஒருமுறைகூடத் தாங்காது. அவ்வாறே நெடுந்தட்டுக்குரிய ஊசியால் 78 சுற்றுத் தட்டைச் சரிவரக் கேட்கவும் இயலாது. அதன் பள்ளத்துக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு தடித்த ஊசிமுனை வேண்டும்.

இத்தனை கவனம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 'புளூஸ் வோக்' போன்ற தட்டு ஒன்று உடைந்தால் உலகில் இன்னும் பல படிகள் உண்டு. புதிய பதிப்புக்களும் வந்துள்ளன. அந்த இசைக்குக் காவலர் பலர். நம்முடைய இசைக்கு அத்தனை காவலர் உண்டா? 1990களின் தொடக்கத்திலே போரினால் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பூட்டிய வீடுகள் கூரையிழந்தன. பெட்டகங்கள் திறந்து கிடந்தன. எடுத்துச் செல்ல முடிந்தவை உயிரும் உடுத்திய உடையும். நாதசுரத் தட்டுக்களும், 45 சுற்றுத் துள்ளிசைத் தட்டுக்களும், திருமண வீட்டு ஒலிநாடாக்களும் யார் கையிற் சேர்ந்தன? அவற்றுட் சில வேற்றூர்ப் பழம்பொருட் கடைகளில், சில கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர் வீட்டுப் பரண்களில் இருக்கக் கூடும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, படியெடுக்காமல் விட்ட ஏட்டின் அருமையை நாம் அறிந்தோம். ஒலிக்கும் அதே நீதி பொருந்தும்.

தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவருடைய கையை நேரிற் கேட்டவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். இனி வரும் பிள்ளைகளுக்கு அந்தக் கையைக் காட்ட வல்லவை ஒலிப்பதிவுகள் மட்டுமே. அமெரிக்கர் ஒருவர் 1958இல் வாசித்த கொங்காவை நாம் இன்று நயினாதீவில் இருந்து கேட்க முடிகிறதென்றால், யாரோ ஒருவர் அக்கறையோடு பதிந்தார், வேறு யாரோ அக்கறையோடு வைத்திருந்தார் என்பதே காரணம்.

ஆதலால், நேயர்களே, வீட்டிற் பழைய தட்டோ நாடாவோ இருப்பின் குப்பையென்று ஒதுக்குமுன் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நடுத்தாளிலுள்ள பெயரையும் எண்ணையும் ஓர் ஏட்டிற் குறித்து வையுங்கள். ஊரில் முதியவர் யாரேனும் அந்தப் பாட்டின் கதையை அறிந்திருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம ஆவணத் திட்டம் போன்றவை நம்மிடையே உண்டு; படியெடுத்துக் காக்க அவற்றின் உதவியை நாடலாம். பின்னர், வேலை ஓய்ந்த ஒரு மாலைப்பொழுதிலே, கிடைக்குமாயின் 'புளூஸ் வோக்'கையும் ஒருமுறை போட்டுக் கேளுங்கள். கடல் கடந்து வந்த குழலும், விலங்கு பூட்டிய மக்கள் கைவிடாமற் காத்த முழவும் சேர்ந்து நடக்கும் அந்த நடையிலே, நம் கோயில் வீதியின் நடையும் எங்கோ கலந்து கேட்பதை உணர்வீர்கள்.